சோதனைக்குழாயில் ஆல்கஹால்: தடுக்கப்பட்டது எது?

 

தேன்கனிக்கோட்டையில் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் மாணவி ஒருவரின் தாயார் அண்மையில் தம் மகளின் உயிரியல் செய்முறைக் குறிப்பேட்டைப் பிரித்துப் பார்த்தார். பப்பாளிப் பழத்திலிருந்து டி.என்.ஏ.வைப் பிரித்தெடுக்கும் சோதனை அதில் எழுதப்பட்டிருந்தது. தேவையான பொருள்களின் பட்டியலில் உப்பு, சோப்புக் கரைசல், வடிதாள் ஆகியவற்றுடன் ‘குளிரூட்டிய எத்தில் ஆல்கஹால்’ என்ற சொற்களும் இருந்தன. அவர் குறிப்பேட்டை மூடி வைத்துவிட்டார். மகளோ கல்லூரியில் உயிரித் தொழில்நுட்பம் படிக்க ஆசை கொண்டவள். கணவர் வழியாக அந்தத் தாய் பள்ளிவாசல் இமாமிடம் ஒரு கேள்வி கேட்டனுப்பினார்: “ஹஜ்ரத், சாராயத்தைக் கையில் தொட்டுக்கொண்டே படிக்கிற படிப்பு நம் பிள்ளைக்கு ஆகுமா?”

இமாம் உடனே தீர்ப்புச் சொல்லவில்லை. “அந்தக் குழாய்க்குள் அது என்ன வேலை செய்கிறது என்று முதலில் எனக்கு யாராவது விளக்குங்கள். அதன் பிறகு சட்டத்தைப் பேசுவோம்” என்றார். ஒரு பொருளைச் சரியாக அறிந்த பிறகே அதைப் பற்றித் தீர்ப்பளிக்க வேண்டும் என்பது நம் சட்ட அறிஞர்கள் வகுத்த நெறி. அந்த நெறியின்படி, இமாம் கேட்ட விளக்கத்தையும் அதிலிருந்து நான் அடைந்த கருத்தையும் இங்கே முன்வைக்கிறேன்.

அந்தத் தாயின் வெறுப்பு மதிக்கத்தக்கது

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்தத் தாயின் அச்சத்தை அறியாமை என்று ஒதுக்குவது அநீதி. நம் ஊர் மாநில எல்லையை ஒட்டியது. கர்நாடக மதுப் பாக்கெட்டுகள் கடத்தி வரப்பட்டுப் பிடிபடும் செய்திகள் நமக்குப் புதியவை அல்ல. கூலி வாங்கிய கை வெறுங்கையாய் வீடு திரும்பும் மாலைகளை நம் தெருக்கள் கண்டிருக்கின்றன. 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியின் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த கள்ளச்சாராயம் 60க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது. அந்த வாரம் தமிழகத்தில் எந்தத் தாயும் நிம்மதியாக உறங்கியிருக்க முடியாது.

அல்மாயிதா அத்தியாயத்தின் 90, 91ஆம் வசனங்கள் மதுவை விட்டு விலகுமாறு கட்டளையிடுகின்றன. அதற்கான காரணத்தையும் அவையே கூறுகின்றன. மதுவால் மனிதர்களிடையே பகை மூளும். இறைநினைவும் தொழுகையும் தடைபடும். ஆகவே ஒரு முஸ்லிம் வீட்டில் ‘ஆல்கஹால்’ என்ற சொல் கேட்டவுடன் உள்ளம் சுருங்குவது ஈமானின் அடையாளம். அந்த வெறுப்பு நம் பிள்ளைகளிடம் குன்றாமல் இருக்க வேண்டும். அதை எதன்மீது செலுத்துகிறோம் என்பதில் மட்டும் தெளிவு வேண்டும்.

குழாய்க்குள் நடப்பது என்ன?

நம் உடலின் ஓர் உயிரணுவின் கருவுக்குள் ஏறத்தாழ 2 மீட்டர் நீளமுள்ள டி.என்.ஏ. இழை சுருண்டு கிடக்கிறது. கண்ணுக்குத் தெரியாத சிறு அறைக்குள் இரண்டு மீட்டர் நூலைச் சிக்கலின்றிச் சுற்றி வைத்த படைப்பாளனின் ஆற்றலை எண்ணினால் ‘ஸுப்ஹானல்லாஹ்’ என்று நாவு தானே சொல்லும். அந்த இழையை வெளியே எடுப்பதுதான் இந்தச் சோதனை.

முதலில் பழத்தை மசித்துச் சோப்புக் கரைசலைச் சேர்க்கிறார்கள். உயிரணுவின் மேலுறையும் கருவின் உறையும் கொழுப்பால் ஆனவை. எண்ணெய்ப் பாத்திரத்தைச் சோப்பு துலக்குவது போலவே இந்த உறைகளையும் அது கரைத்துவிடுகிறது. உள்ளிருந்த டி.என்.ஏ. வெளியே வந்து தண்ணீரில் கரைந்து நிற்கிறது. சர்க்கரை கரைந்த தண்ணீரில் சர்க்கரை கண்ணுக்குத் தெரியாதது போல, அப்போது அதையும் காண முடியாது. புரதம், நிறமி, சர்க்கரை என்று பழத்தின் மற்றப் பொருள்களும் அதே நீரில் கலந்திருக்கின்றன. அவற்றிலிருந்து டி.என்.ஏ.வை மட்டும் தனியே பிரிப்பது எப்படி?

டி.என்.ஏ. இழையின் முதுகெலும்பு போன்ற பகுதி பாஸ்பேட் தொகுதிகளைக் கொண்டது. அவை எதிர்மின்னூட்டம் கொண்டவை. தண்ணீர் மூலக்கூறுகள் அவற்றைச் சூழ்ந்துகொண்டு இழையைக் கரைந்த நிலையிலேயே வைத்திருக்கின்றன. சோதனையில் சேர்க்கும் உப்பில் நேர்மின்னூட்டம் கொண்ட சோடியம் உண்டு. எதிரெதிர் மின்னூட்டங்கள் ஒன்றையொன்று ஈர்க்க வேண்டும் என்றாலும், நடுவில் தண்ணீர் நின்று அந்த ஈர்ப்பைத் தணித்துவிடுகிறது. மின்னூட்டங்களின் ஈர்ப்பைத் தணிக்கும் இந்தத் திறனை அறிவியலார் ஓர் எண்ணால் குறிப்பார்கள். தண்ணீருக்கு அது ஏறத்தாழ 80. எத்தனாலுக்கு ஏறத்தாழ 25.

கரைசலைப் போல் இரண்டு அல்லது இரண்டரை மடங்கு எத்தனாலை ஊற்றும்போது தண்ணீரின் பிடி தளர்கிறது. சோடியம் பாஸ்பேட்டை நெருங்கிப் பற்றிக்கொள்கிறது. மின்னூட்டம் சமனானதும் இழைகள் ஒன்றையொன்று விலக்குவதை நிறுத்தி, ஒன்றோடொன்று சேர்ந்து, வெண்பஞ்சு நூல் போல் கரைசலைவிட்டுப் பிரிகின்றன. அவற்றைக் கண்ணாடிக் குச்சியில் சுற்றி எடுக்கலாம். ஆல்கஹாலில் கரையக்கூடிய பிற பொருள்கள் திரவத்திலேயே தங்கிவிடுகின்றன. குளிரூட்டுவதற்கும் காரணம் உண்டு: டி.என்.ஏ.வைச் சிதைக்கும் நொதிகளின் வேகம் குளிரில் குறைகிறது. இழைகள் பிரிவதும் எளிதாகிறது.

இத்துடன் முடிவதில்லை. பிரிந்த இழைகளில் உப்பு ஒட்டியிருக்கும். எனவே 70 விழுக்காடு எத்தனாலால் அவற்றைக் கழுவுகிறார்கள். அதிலுள்ள தண்ணீர் உப்பைக் கரைத்துக்கொண்டு போகிறது. எத்தனால் இழையைக் கரையவிடாமல் காக்கிறது. இறுதியில் எத்தனால் ஆவியாகும்வரை இழைகளை உலர்த்துகிறார்கள். ஆல்கஹால் சிறிதளவு எஞ்சினாலும் அடுத்த கட்டச் சோதனைகள் கெட்டுப்போகும் என்பதால், அதை முற்றாக வெளியேற்ற வேண்டியது ஆய்வாளரின் கடமை.

ஆக, இந்தச் சோதனையில் ஆல்கஹாலின் பணி கரைந்ததைப் பிரிப்பதும் கழுவுவதும்தான். அதை யாரும் பருகுவதில்லை. யாருடைய அறிவும் மயங்குவதில்லை. பணி முடிந்ததும் அது எஞ்சுவதும் இல்லை. இது நவீன காலத்தின் விளையாட்டும் அன்று. 1869இல் ஜெர்மனியின் டூபிங்கன் நகரில் ஃபிரெடரிக் மீஷர், புண்களின் கட்டுத்துணிகளில் இருந்த சீழணுக்களிலிருந்து முதன்முதலில் இந்தப் பொருளைப் பிரித்தபோதும் ஆல்கஹாலால் கழுவியே கொழுப்பை நீக்கினார். 1944இல் நியூயார்க்கில் ஆஸ்வால்ட் ஏவரியும் அவருடைய சகாக்களும், பாக்டீரியாவின் பரம்பரைப் பண்பை மாற்றும் பொருள் டி.என்.ஏ.வே என்று காட்டியபோதும் அதை ஆல்கஹாலால்தான் கரைசலிலிருந்து பிரித்தெடுத்தார்கள்.

ஒரு சொல், பல பொருள்கள்

நம் குழப்பத்திற்குப் பெயரும் ஒரு காரணம். வேதியியலில் ஆல்கஹால் என்பது ஒரு பெரிய குடும்பத்தின் பெயர். போதை தருகின்ற எத்தனால் அதில் ஓர் உறுப்பினர் மட்டுமே. கருணாபுரத்தில் உயிர்களைக் குடித்த மெத்தனாலும் அதே குடும்பம். மருந்துக்கடைகளில் கை துடைக்கக் கிடைக்கும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் அதே குடும்பம். நாம் உதட்டில் தடவும் கிளிசரினும்கூட வேதியியல் கணக்கில் அதே குடும்பந்தான். பெயரை மட்டும் பார்த்துத் தீர்ப்பளித்தால் கிளிசரினையும் தடுக்க வேண்டியிருக்கும்.

இந்தப் பெயரின் வரலாறும் எண்ணிப் பார்க்கத்தக்கது. ‘அல்குஹ்ல்’ என்ற அரபுச் சொல்லிலிருந்தே ‘ஆல்கஹால்’ பிறந்தது. குஹ்ல் என்பது நம் வீடுகளில் கண்ணுக்கு இடும் சுருமாதான். மிக நுண்ணிய பொடியைக் குறித்த அந்தச் சொல், ஐரோப்பாவுக்குச் சென்றபின் காய்ச்சி எடுக்கப்பட்ட எந்தச் சாரத்தையும் குறிக்கத் தொடங்கி, இறுதியில் திராட்சை மதுவின் சாரத்தோடு ஒட்டிக்கொண்டது. பெயர் இடம் மாறும். சட்டம் பொருளைப் பார்த்தே அமையும்.

மார்க்க அறிஞர்கள் கூறுவது

குடிப்பதைப் பொறுத்தவரை எந்தத் தயக்கமும் வேண்டாம். போதை தரும் எதுவும், எதிலிருந்து தயாரிக்கப்பட்டாலும், எத்துணைச் சிறிதாயினும், குடிக்கத் தடுக்கப்பட்டதே. ஹனஃபி மத்ஹபின் தீர்ப்பும் இமாம் முஹம்மத் (ரஹ்) அவர்களின் கருத்தின்படி இதுவே. கருத்து வேறுபாடு வேறொரு கேள்வியில்தான் உள்ளது: மது நஜீஸா? அது ஆடையில் பட்டால் தொழுகை கூடுமா?

நான்கு மத்ஹபுகளின் பெரும்பாலான அறிஞர்கள் மதுவை நஜீஸ் என்றே கூறினர். எனினும் இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களின் மாணவரான முஸனீ, லைஸ் இப்னு ஸஅத், ரபீஆ (ரஹ்) ஆகியோர், அதைக் குடிப்பது ஹராம் என்றாலும் அப்பொருள் உடலில் பட்டால் அசுத்தமில்லை என்று கருதினர். தடை வந்த நாளில் மதீனாவின் தெருக்களில் மது ஊற்றப்பட்டதை இக்கருத்துக்குச் சான்றாகக் காட்டுவோர் உண்டு. ஹனஃபி மத்ஹபில் இமாம் அபூஹனீஃபா, அபூயூஸுஃப் (ரஹ்) ஆகியோர் திராட்சை, பேரீச்சை ஆகியவற்றின் மதுவுக்கும் பிறவற்றிலிருந்து எடுக்கப்படுபவற்றுக்கும் வேறுபாடு கண்டனர். இன்று மருந்திலும் நறுமணப் பொருளிலும் பயன்படும் ஆல்கஹாலில் பெரும்பகுதி திராட்சை, பேரீச்சையிலிருந்து வருவதில்லை என்பதால் அதில் எளிமை உண்டு என்று முஃப்தி தகீ உஸ்மானி எழுதியிருக்கிறார். நம் நாட்டில் கரும்பு ஆலைகளின் மொலாசஸிலிருந்தும் தானியங்களிலிருந்துமே எத்தனால் பெருமளவில் காய்ச்சப்படுகிறது.

நம் காலத்து மன்றங்களும் இதை ஆராய்ந்துள்ளன. 2002 ஜனவரியில் மக்காவில் கூடிய ராபிதத்துல் ஆலமில் இஸ்லாமியின் ஃபிக்ஹு மன்றம், காயத்தைத் துடைக்கவும் கிருமிகளைக் கொல்லவும் ஆல்கஹாலை வெளிப்புறத்தில் பயன்படுத்தலாம் என்று அறிவித்தது. ஷாஃபிஈ மத்ஹபைப் பெரும்பான்மையாகப் பின்பற்றும் இந்தோனேசியாவின் உலமா மன்றம், மதுத் தொழிலிலிருந்து வராத ஆல்கஹால் நஜீஸ் அன்று என்று 2009இல் ஃபத்வா வழங்கியது.

மதுவைப் பிழிபவர், சுமப்பவர், விற்பவர், வாங்குபவர் உள்ளிட்ட பத்துப் பேர் மீது சாபம் உண்டு என்ற நபிமொழியைச் சிலர் நினைவூட்டலாம். அது மிகக் கடுமையான எச்சரிக்கை; அதை நாம் இலகுவாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் அந்தப் பத்துப் பேரும் ஒரே சங்கிலியின் கண்ணிகள். அந்தச் சங்கிலி ஒருவர் வாயில் போதையாய் முடிகிறது. ஆய்வகத்து எத்தனால் புட்டி அந்தச் சங்கிலியில் இல்லை என்பதே என் புரிதல்.

நாம் ஏற்கெனவே பெற்ற பயன்

இந்தக் கேள்வியை நாம் இப்போதுதான் கேட்கிறோம். ஆனால் இதன் பயனை முன்பே பெற்றுவிட்டோம். கொரோனா காலத்தில் நம் மூக்கிலிருந்து எடுத்த மாதிரியில் வைரஸின் ஆர்.என்.ஏ.வைப் பிரித்தெடுக்கும் வழக்கமான முறைகளில் எத்தனாலால் கழுவும் கட்டம் உண்டு. 2022இல் ஹஜ்ஜுக்குப் புறப்பட்டவர்கள், பயணத்திற்கு முந்தைய 72 மணி நேரத்திற்குள் செய்த பி.சி.ஆர். சோதனைச் சான்றுடன்தான் செல்ல முடிந்தது. அந்தச் சான்றைக் கையில் வைத்துத்தான் அவர்கள் இஹ்ராம் அணிந்தார்கள்.

2024 ஜூலை 30 அன்று வயநாட்டின் முண்டக்கையிலும் சூரல்மலையிலும் மண் சரிந்து 200க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அடையாளம் காண முடியாத உடல்களும் உடற்பாகங்களும் புத்துமலையில் எண்கள் இடப்பட்ட குழிகளில் அடக்கப்பட்டன. பல சமயத்தாரும் நின்று பிரார்த்தித்தார்கள். உறவினர்களின் இரத்த மாதிரிகளோடு டி.என்.ஏ.வை ஒப்பிட்ட பிறகே எண்களாய்க் கிடந்தவர்களில் பலர் பெயர் பெற்றார்கள். தம் தந்தையின் கப்ரு எது என்று அறிந்து அதனருகில் நின்று துஆச் செய்வது ஒரு மகனுக்கு எவ்வளவு பெரிய ஆறுதல்! இத்தகைய பரிசோதனைகளில் இழையைப் பிரித்துத் தூய்மையாக்க ஆல்கஹால் வழக்கமான துணை.

இன்னொன்று நம்மைச் சற்று நிறுத்திச் சிந்திக்க வைப்பது. ஓர் இறைச்சியில் பன்றி இறைச்சி கலந்திருக்கிறதா, ஒரு மருந்துறையின் ஜெலட்டின் எந்த விலங்கிலிருந்து வந்தது என்பதைக் கண்டறியும் நம்பகமான வழிகளில் டி.என்.ஏ. சோதனை முதன்மையானது. ஹைதராபாதில் உள்ள தேசிய இறைச்சி ஆராய்ச்சி நிறுவனம் இறைச்சி எந்த விலங்கினுடையது என்பதை இம்முறையில் கண்டறிகிறது. பல நாடுகளில் ஹலால் சான்றளிப்போர் நாடுவதும் இத்தகைய ஆய்வகங்களையே. ஆக, நம் தட்டில் உள்ள உணவு ஹலாலா என்று உறுதிசெய்யும் ஆய்வாளரின் மேசை மேலும் எத்தனால் புட்டி இருக்கிறது. அந்த ஆய்வாளராக நம் பிள்ளை ஒருவர் இருக்கக் கூடாதா?

பேணுதல் வேறு, பின்வாங்குதல் வேறு

ஆய்வகத்தில் ஆகும் என்றால் உணவிலும் ஆகும், மருந்திலும் ஆகும், எல்லாவற்றிலும் ஆகும் என்று நான் நீட்டவில்லை. உட்கொள்ளும் ஒவ்வொன்றுக்கும் தனி விசாரணை வேண்டும். ஆலிம்களிடம் கேட்டே நடக்க வேண்டும்.

பேணுதலாக இருக்க விரும்பும் மாணவிக்கும் வழி உண்டு. நம் பகுதியில் உருது பேசும் ஹனஃபி குடும்பங்களோடு, வேலைக்காக ஓசூர் பக்கம் வந்து குடியேறிய ஷாஃபிஈ குடும்பங்களும் வாழ்கின்றன. நஜீஸ் என்ற கருத்தைப் பின்பற்றுவோர் கையுறையும் மேலங்கியும் அணியலாம். ஆய்வகம் அவற்றைப் பாதுகாப்புக்காகவே கேட்கிறது. கையில் பட்டால் கழுவிவிட்டு உளூச் செய்து தொழலாம். எத்தனாலுக்குப் பதிலாக ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைப் பயன்படுத்தலாமா என்று ஆசிரியரிடம் கேட்கலாம். ஏறக்குறைய கரைசலின் அளவே அதை ஊற்றினாலும் இழைகள் பிரிந்துவிடும். மதுவாக யாரும் பயன்படுத்தாத நச்சுப் பொருள் அது. ஆனால் இரண்டுமே எளிதில் தீப்பற்றுபவை. வீட்டில் செய்து பார்க்க ஆசைப்படும் பிள்ளைகள் பெரியவர்கள் உடனிருக்க, அடுப்புக்கு வெகுதொலைவில்தான் செய்ய வேண்டும்.

இதைவிட ஆழமான பேணுதலும் ஒன்று உண்டு. டி.என்.ஏ. இழையை முதலில் பிரித்த மீஷர், புரதத்தைச் செரிக்கப் பன்றியின் இரைப்பையிலிருந்து எடுத்த நொதியைப் பயன்படுத்தினார். இன்று அந்த வேலைக்கு ஆய்வகங்கள் பெரிதும் நாடுவது பூஞ்சையிலிருந்து கண்டெடுக்கப்பட்ட வேறொரு நொதி. மார்க்கத்தைக் கருதி யாரும் அந்த மாற்றத்தைச் செய்யவில்லை. எனினும் மாற்று என்பது கிடைக்கக்கூடியதே என்று அது காட்டுகிறது. ஆல்கஹால் இல்லாத சிறந்த முறை வேண்டுமென்றால் அதைக் கண்டுபிடிக்கும் உரிமையும் கடமையும் நமக்கு உண்டு. வாசலிலேயே திரும்பிப் போனவர் அதைக் கண்டுபிடிக்க முடியாது.

நம் ஊரிலிருந்து எல்லையைத் தாண்டினால் பொம்மசந்திராவிலும் ஜிகனியிலும் மருந்து நிறுவனங்களும் உயிரித் தொழில்நுட்ப நிறுவனங்களும் இருக்கின்றன. பெங்களூரில் நாடறிந்த ஆய்வு நிறுவனங்கள் இருக்கின்றன. எல்லைக்கு அப்பாலிருந்து மதுப் பாக்கெட் நம் ஊருக்கு வந்து சேர்கிறது; நம் பெண் பிள்ளைகளோ எல்லைக்கு அப்பாலுள்ள ஆய்வகத்திற்குப் போய்ச் சேராமல் நின்றுவிடுகிறார்கள். நாம் மாற்ற வேண்டிய நிலை இதுவே.

ஆகவே அந்தத் தாய்க்கு என் வேண்டுகோள்: உங்கள் வெறுப்பை விட்டுவிடாதீர்கள், சகோதரி. அதை உங்கள் மகளுக்கு அப்படியே கொடுங்கள். நண்பர்கள் கோப்பையை நீட்டும் இடத்தில் எழுந்து வந்துவிடும் துணிவாக அது அவளிடம் இருக்கட்டும். ஆனால் அந்தக் குறிப்பேட்டைத் திறந்து அவளிடம் திருப்பிக் கொடுங்கள். நம் தெருமுனையில் நடக்கும் மது விற்பனையைக் கண்டும் காணாததுபோல் கடந்துவிட்டு, ஒரு மாணவியின் சோதனைக்குழாயில் மட்டும் ஹராமைத் தேடுவது நம் ஜமாஅத்துக்கு அழகன்று. இதில் ஐயம் எஞ்சுமானால் உங்கள் ஊர் ஆலிமையும் உயிரியல் ஆசிரியரையும் ஒரே இடத்தில் அமரவைத்துக் கேளுங்கள். இருவரும் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றுக்கொள்வார்கள்.

நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும், தடுக்கப்பட்டதைத் தடுக்கப்பட்டதாகவும் ஆகுமானதை ஆகுமானதாகவும் அறியும் தெளிவையும் வல்ல அல்லாஹ் வழங்குவானாக! அல்லாஹ்வே நன்கறிந்தவன்.